பதினொரு தடவை "வருந்துகிறோம்"

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: சாஃப்ட்வேரில் நான்கு வருட அனுபவம் இருக்கிறது, ஏழு மாதத்தில் 11 கம்பெனிகளில் இன்டர்வியூ போனீர்கள், 11-லும் ரிஜெக்ட், அதில் மூன்று கடைசி ரவுண்டு வரை போய்த் திரும்பியவை. லீட்கோட்டில் (கோடிங் இன்டர்வியூ கேள்விகளைப் போட்டுப் பழகும் தளம்) 400-க்கு மேல் போட்டாகிவிட்டது, இன்னும் 400 போடுவதா, இல்லை இந்த வேலையே நமக்கு ஒத்துவராது என்று வேறு பக்கம் போவதா என்று கேட்கிறீர்கள். கடைசியில் ஒரு சின்னக் கேள்வி, ரிஜெக்ஷன் மெயிலுக்குப் பதில் போடலாமா என்று. மேலோட்டமாகப் பார்த்தால் இது லீட்கோட் கேள்வி. ஆனால் "எனக்குத் திறமை இல்லை என்று 11 பேர் சொல்லிவிட்டார்கள், அதை நம்பலாமா?" என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எனக்குப் படுகிறது. அதற்கு முதலில் பதில் சொல்கிறேன், எப்படிப் படிப்பது என்பதெல்லாம் அப்புறம்.

பதினாறு வருடமாகக் கோட் எழுதுகிறேன், அதில் ஒன்பது வருடம் மேசைக்கு அந்தப் பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், முந்நூறு நானூறு பேரையாவது இன்டர்வியூ செய்திருப்பேன். நானும் ஒரு காலத்தில் வரிசையாக எட்டு இடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டவன்தான். உங்கள் ரெஸ்யூமையும் பார்க்கவில்லை, நீங்கள் பேசுவதையும் கேட்கவில்லை, அதனால் எங்கே இடறுகிறது என்று இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. அதை நீங்களே எப்படிக் கண்டுபிடிப்பது என்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் ஒரு கணக்கு. ஒரு கம்பெனியில் ஐந்து ரவுண்டு, ஒவ்வொன்றிலும் உங்களுக்கு 70% வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் 70 வாங்கினால் யாரும் திட்டமாட்டார்கள். ஆனால் ஐந்தையும் ஒன்றுவிடாமல் தாண்ட வேண்டும் என்பதால் 0.7-ஐ ஐந்து முறை பெருக்க வேண்டும், வருவது ஏறக்குறைய 17%. அதாவது ஓரளவு நன்றாகச் செய்கிற ஆளுக்கே ஆறு கம்பெனியில் ஒன்றுதான் கிடைக்கும். இப்படிப்பட்ட 100 பேர் ஆளுக்கு 11 கம்பெனி ஏறினால் அதில் 13 பேர் 11-லும் தோற்றுத் திரும்புவார்கள், தப்பு எதுவும் செய்யாமலே. ரவுண்டுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று வைத்துப் போட்ட கணக்கு இது, நிஜத்தில் அப்படி இல்லை, அதனால் எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளாதீர்கள். உங்களைப் போல ஆள் அபூர்வமில்லை என்பதற்குத்தான் சொன்னேன்.

அதே கணக்கைத் திருப்பியும் பாருங்கள். மீதி 87 பேருக்கு ஏதாவது ஒரு ஆஃபர் வந்துவிடுகிறது, ஆகவே எல்லாம் அதிர்ஷ்டம் என்று கையை உதறிவிடவும் முடியாது. நான்கு ரவுண்டு 70%, ஒன்று மட்டும் 30% என்றால் மொத்த வாய்ப்பு 7%-க்கு விழுந்துவிடும். அந்த ஒன்றை மற்றவற்றின் அளவுக்குக் கொண்டுவந்தாலே வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஏறுகிறது, மற்ற நான்கையும் தொடவே வேண்டாம். ஏற்கெனவே கை வந்த ரவுண்டுக்கே திரும்பத் திரும்ப உழைப்பதில் பெரிய பலன் இல்லை. நிறையப் பேர் செய்வது அதைத்தான், ஏனென்றால் கை வந்ததைச் செய்யும்போது மனதுக்கு இதமாக இருக்கிறது.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். தப்பான ஆளை எடுத்துவிட்டால் பல மாதம் தலைவலி, நல்ல ஆளை விட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதே இல்லை, அதனால் முடிவு எடுக்கிற அறையில் சந்தேகம் வந்தாலே "வேண்டாம்" என்றுதான் விழும். நான்கு பேர் "எடுக்கலாம்" என்று எழுதியும் ஒருவர் மழுப்பலாக எழுதியதால் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். இன்டர்வியூவுக்கே சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு: அந்த இடத்தையே முடக்கிவிடுவார்கள், உள்ளேயே ஒருவர் கிடைத்துவிடுவார், உங்களுக்கு முந்தைய நாள் வந்தவருக்கு ஆஃபர் போயிருக்கும், உங்கள் அனுபவத்துக்கு ஒரு படி மேலே ஆள் தேடியிருப்பார்கள். எல்லாருக்கும் போவது ஒரே மெயில், "வேறு நபர்களுடன் முன்னேற முடிவு செய்துள்ளோம்." உண்மையில் என்ன நடந்தது என்பதற்கு அந்த வரியில் ஒரு துப்பும் கிடையாது.

இன்டர்வியூ ஒருவரின் திறமையை எவ்வளவு சரியாக அளக்கிறது? கூகுளில் ஆட்கள் பிரிவின் தலைவராக இருந்த லாஸ்லோ பாக் 2013-இல் ஒரு பேட்டியில் சொன்னார்: பல்லாயிரம் இன்டர்வியூக்களை எடுத்துப் பார்த்தோம், இன்டர்வியூ எடுத்தவர் போட்ட மதிப்பெண்ணுக்கும் பிறகு அந்த ஆள் வேலையில் எப்படிச் செய்தார் என்பதற்கும் தொடர்பே தென்படவில்லை என்று. கேட்க ஆறுதலாக இருக்கும், ஆனால் அது வேலைக்கு எடுக்கப்பட்டவர்களை மட்டும் வைத்துப் பார்த்தது, எடுக்காமல் விட்டவர்கள் எப்படிச் செய்திருப்பார்கள் என்று யாருக்குத் தெரியும்? உளவியலாளர் சாக்கெட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2022-இல் பழைய ஆய்வுகளையெல்லாம் மறுபடி கணக்குப் போட்டபோது, எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று ஒழுங்காக நடத்தும் இன்டர்வியூதான் முதலிடத்தில் வந்தது. அதற்கே கிடைத்த தொடர்பு 0.42 (முழுப் பொருத்தம் என்றால் 1). வேலைத்திறனில் ஆளுக்கு ஆள் இருக்கும் வித்தியாசத்தில் ஐந்தில் ஒரு பங்கைக்கூட அது விளக்கவில்லை என்று அர்த்தம். இன்டர்வியூ வெறும் குருட்டுத்தனமும் இல்லை, உங்களைப் பற்றிய தீர்ப்பும் இல்லை. வாட்ஸ்அப்பைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டனை 2009-இல் ஃபேஸ்புக் எடுக்கவில்லை, 2014-இல் அதே ஃபேஸ்புக் 19 பில்லியன் டாலருக்கு அவர் கம்பெனியையே வாங்க ஒப்பந்தம் போட்டது என்று யாராவது உங்களிடம் சொல்வார்கள். நடந்தது உண்மைதான். உங்கள் பன்னிரண்டாவது இன்டர்வியூவுக்கு அதனால் ஒரு பைசா பிரயோஜனமில்லை.

சரி, இப்போது வேலைக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து அந்த 11-ஐயும் எழுதுங்கள்: ஆன்லைன் டெஸ்ட்டில் போனது எத்தனை, முதல் கோடிங் ரவுண்டில் எத்தனை, டிசைனில் (பெரிய சிஸ்டத்தை எப்படிக் கட்டுவது என்று கேட்கும் ரவுண்டு) எத்தனை, கடைசியில் மேனேஜரோடு பேசிவிட்டுப் போனது எத்தனை. ஒவ்வொன்றிலும் என்ன கேட்டார்கள், எந்த இடத்தில் சிக்கினீர்கள், குறிப்பு கொடுத்தார்களா என்று நினைவில் இருக்கும் வரை எழுதுங்கள். இனி வரும் இன்டர்வியூக்களுக்கு, முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் எழுதிவிடுங்கள், மறுநாள் ஆனால் நினைவு தனக்குச் சாதகமாக எதையாவது மாற்றிக்கொள்ளும். பதினொரு இன்டர்வியூவுக்கு அழைத்திருக்கிறார்கள் என்பதால் ரெஸ்யூம் பெரிய பிரச்சினை இல்லை, அதை விட்டுவிடலாம். வீட்டில் போட முடிகிற கேள்வி அங்கே வரவில்லை என்றால் அது ஒரு நோய், வீட்டிலேயே வராது என்றால் அது வேறு நோய். கடைசி ரவுண்டில் போன மூன்றில் பாதிக்குப் பாதி அதிர்ஷ்டமாகவே இருக்கலாம் என்பது என் ஊகம், ஊகம் மட்டும்தான்.

நான்கு வருட அனுபவமும் 400 ப்ராப்ளமும் உள்ளவர்களிடம் நான் அதிகம் பார்த்தது முதல் நோய். ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது மூளை வேலை செய்ய மறுக்கிறது. இது உங்கள் கற்பனையும் இல்லை. வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தினரும் மைக்ரோசாஃப்ட்டும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வில் 48 கணினி மாணவர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி, இன்டர்வியூ எடுப்பவர் எதிரே நிற்க, வாய்விட்டு விளக்கியபடியே வெள்ளைப் பலகையில் கோட் எழுத வேண்டும். மறு பாதி தனி அறையில் அதே கேள்வியை அதே மாதிரிப் பலகையில் போட வேண்டும். யாரோ பார்க்க எழுதியவர்களின் மதிப்பெண் மற்றவர்களுடையதில் பாதி அளவுக்கு விழுந்தது. சின்ன ஆய்வு, அதுவும் மாணவர்களை வைத்து, அதனால் அந்தப் "பாதி" உங்களுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்லமாட்டேன். ஆனால் யாரும் பார்க்காத அறையில் போட்ட 400 ப்ராப்ளம், பார்க்கிற அறைக்கு முழுதாக உங்களைத் தயார்செய்யாது என்பதை நான் நம்புகிறேன். ஆகவே இன்னும் 400 வேண்டாம். வாரத்துக்கு இரண்டு, யாராவது ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க, 40 நிமிடக் கெடுவில், வாய்விட்டுப் பேசிக்கொண்டே போடுங்கள். நண்பர்தான் என்றாலும் பரவாயில்லை, ஆனால் நடுவில் குறுக்குக்கேள்வி கேட்கிறவராக இருக்கட்டும். ஆள் கிடைக்கவில்லையா, போனில் உங்களையே வீடியோ எடுத்துப் பாருங்கள். பார்க்கக் கூசும், எனக்கும் கூசியது, "அது வந்து" என்று ஒரே நிமிடத்தில் ஒன்பது தடவை சொல்லியிருந்தேன்.

இன்டர்வியூ எடுக்கும்போது நான் என்ன எழுதுகிறேன் என்று சொன்னால் இது இன்னும் புரியும். முடிந்த பிறகு, "எடு" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்வதற்கு ஆதாரம் காட்டி நான் ஒரு பக்கமாவது எழுத வேண்டும். ஒரு தடவை ஒருவர் இருபத்தைந்து நிமிடம் ஒரு வார்த்தை பேசாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடகடவென்று சரியான விடையை எழுதினார். அவரைப் பற்றி எழுத எனக்குக் கிடைத்தது இரண்டே வரி. அடுத்து வந்தவருக்குக் கேள்வி முழுசாக முடியவே இல்லை. ஆனால் அரே (எண்களின் பட்டியல்) வரிசையில் இருக்குமா, ஒரே எண் இரண்டு தடவை வரலாமா என்று கேட்டார், ஒரு சின்ன உதாரணத்தைக் கையால் போட்டுப் பார்த்தார், எல்லா ஜோடியையும் ஒப்பிட்டால் n² ஆகும் (n எண் இருந்தால் n-ஐ n-ஆல் பெருக்கிய அளவு வேலை), ஹேஷ் மேப் (பார்த்ததைக் குறித்து வைத்து உடனே தேடித் தரும் அட்டவணை) வைத்தால் ஒரே ஓட்டத்தில் முடியும், ஆனால் மெமரி கூடும் என்று சொல்லிவிட்டு, "இதை எழுதட்டுமா?" என்று என்னிடமே கேட்டார். அவருக்கு ஒரு பக்கம் நிரம்பிவிட்டது. இது நியாயமா என்று கேட்டால் முழுக்க நியாயம் இல்லை, மௌனமாக யோசிக்கிறவர்கள் மோசமான இன்ஜினியர்கள் இல்லை. ஆனால் விளையாட்டின் விதி இப்படித்தான் இருக்கிறது, தெரிந்துகொண்டு ஆடுவது நல்லது. யோசிக்க வேண்டுமென்றால் "ஒரு நிமிடம் அமைதியாக யோசித்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு யோசியுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. குறிப்பு கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், அதைக் காதில் வாங்காமல் தன் வழியிலேயே போகிறவர்களுக்குத்தான் நான் "வேண்டாம்" எழுதியிருக்கிறேன்.

கோட் எழுதி முடித்ததும் "அவ்வளவுதான்" என்று கையைக் கட்டிக்கொள்ளாமல், காலி அரே, ஒரே ஒரு உறுப்பு, எல்லாம் ஒரே எண் என்று நீங்களே வரி வரியாக ஓட்டிக் காட்டுங்கள். தப்பு வருவதில் வெட்கமே வேண்டாம். ஜாவா மொழியின் நூலகத்தில் இருந்த பைனரி சர்ச்சில் (வரிசையான பட்டியலைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை), இரண்டு எண்ணைக் கூட்டி இரண்டால் வகுக்கிற அந்த ஒரு வரியில், கூட்டுத்தொகை கம்ப்யூட்டர் அதற்கு ஒதுக்கிய அளவை மீறிவிடும் தப்பு ஒன்பது வருடம் போல யார் கண்ணிலும் படாமல் இருந்தது. அதை எழுதிய ஜோஷுவா பிளாக்கே 2006-இல் அதைப் பகிரங்கமாகச் சொன்னார். நாற்பது நிமிடத்தில் எழுதிய கோட்டில் ஒரு பக் இருப்பது யாரையும் கவிழ்ப்பதில்லை, தேடாமல் விடுவதுதான் கவிழ்க்கிறது.

அந்த 400-ஐப் பற்றி ஒரு சந்தேகம், மனம் நோகாமல் கேட்டுக்கொள்ளுங்கள்: எத்தனை உங்களுடையவை, எத்தனை இருபது நிமிடம் முட்டிவிட்டு விடையைத் திறந்து "ஓ, இதுவா" என்று முடித்தவை? உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் செய்த ஒரு சோதனையில், ஒரு பகுதியை நான்கு தடவை படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து 40% நினைவிருந்தது, ஒரு தடவை படித்துவிட்டு மூன்று தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 61%. வேடிக்கை என்னவென்றால், படித்த ஐந்தாவது நிமிடத்தில் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னால் இருந்தார்கள், தெரியும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கே அதிகம். விடையைப் படித்தால் வருகிற அந்த "தெரிந்துவிட்டது" உணர்வு இதுதான். உரையைப் படிப்பதும் கோட் எழுதுவதும் ஒன்றில்லை, என்றாலும் என் அனுபவம் இதோடு ஒத்துப்போகிறது. உங்கள் 400-இலிருந்து கண்ணை மூடிக்கொண்டு 50 எடுங்கள், விடையைப் பார்க்காமல் 35 நிமிடக் கெடுவில் போட்டுப் பாருங்கள். முப்பதுக்குக் கீழே வந்தால் புதிய கேள்வியைத் தொடாதீர்கள். தோற்றதை மூன்று நாள் கழித்தும் இரண்டு வாரம் கழித்தும் மறுபடி வெறும் தாளிலிருந்து போடுங்கள். இந்த 30, 35, இரண்டு வாரம் எல்லாம் நான் கைக்கணக்காகச் சொல்வது, கூடக்குறைய இருக்கலாம்.

சிஸ்டம் டிசைனில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு ஒன்றுதான்: கேள்வி முடியும் முன்பே கியூ, ஷார்டிங், மைக்ரோசர்வீஸ் என்று பெரிய சிஸ்டத்துக்கான பாகங்களைப் பெட்டி பெட்டியாகப் போட ஆரம்பிப்பது. எத்தனை பேர், எவ்வளவு தரவு என்று கேட்டு ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு நாளில் 86,400 வினாடி. நாளைக்கு ஒரு கோடி கோரிக்கை என்றால் பயமாக இருக்கும், வகுத்துப் பார்த்தால் சராசரியாக வினாடிக்கு 116 தான், உச்ச நேரத்தில் பத்து மடங்கு என்று வைத்தாலும், வேலை எளிதான ரகமாக இருந்தால், ஒரு நல்ல டேட்டாபேஸும் முன்னால் ஒரு கேஷும் (அடிக்கடி கேட்பதை எடுத்து வைத்துக்கொள்ளும் இடம்) தாங்கிவிடும். இந்த ஒரு வகுத்தலைச் செய்கிறவர்கள் குறைவு, செய்கிறவர் அப்போதே தனியாகத் தெரிந்துவிடுகிறார். மேனேஜர் ரவுண்டுக்கு, நீங்கள் உண்மையில் செய்த ஐந்தாறு சம்பவங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், தோல்வியும் சண்டையும் அதில் இருக்கட்டும். சொல்லும்போது "நாங்கள் செய்தோம்" என்றே போனால் நீங்கள் செய்தது எது என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

இன்னொன்று, எல்லா இன்டர்வியூவும் ஒரே வார்ப்பு இல்லை. வீட்டிலேயே செய்து அனுப்பச் சொல்லும் இடங்கள், நிஜமான கோட்டைக் கொடுத்துக் கூட உட்கார்ந்து பக் தேடச் சொல்லும் இடங்கள் எல்லாம் உண்டு. பார்க்கப் பார்க்கத் தடுமாறுகிறவருக்கு அங்கே வாய்ப்பு அதிகம். முதல் போனிலேயே, ஆளெடுக்கும் வேலையைப் பார்க்கிற ரெக்ரூட்டரிடம் "ரவுண்டுகள் எப்படி இருக்கும்?" என்று கேட்கலாம், தாராளமாகச் சொல்வார்கள். மிகவும் ஆசைப்பட்ட கம்பெனியை முதலில் வைக்காதீர்கள். பல இடங்களில் ஒரு தடவை தோற்றால் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்க விடுவார்கள்.

மனதைப் பற்றி. நான் அந்தத் துறை ஆள் இல்லை, அதனால் கொஞ்சமாகச் சொல்கிறேன். உளவியலாளர் பென்னிபேக்கரும் இன்னும் இருவரும் 1994-இல் வெளியிட்ட ஒரு ஆய்வு உண்டு. வேலை இழந்த 63 பேரில் ஒரு பகுதியினரை ஐந்து நாள், நாளைக்கு இருபது நிமிடம், வேலை போனதைப் பற்றி மனதில் உள்ளதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். அடுத்த மாதங்களில் அவர்களில் மற்றவர்களைவிட அதிகம் பேருக்கு வேலை கிடைத்தது, கூடுதலாக விண்ணப்பம் போடாமலே. கோபம் தாளில் இறங்கியதால் இன்டர்வியூவில் முகத்தில் தெரியவில்லை என்பது ஒரு விளக்கம். ஒரே ஒரு சின்ன ஆய்வு, ஆனால் செலவில்லாத வைத்தியம். நான் சொல்லக்கூடியது இவ்வளவு: ரிஜெக்ட் வந்த அன்று மாலை படிக்க உட்காராதீர்கள். தொடர்ந்து மூன்று போனால் இரண்டு வாரம் எதற்கும் விண்ணப்பிக்காதீர்கள். தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் போய்விட்டால் அது இன்டர்வியூ பிரச்சினை இல்லை, டாக்டரைப் பாருங்கள்.

துறையை விட்டுப் போவதா என்பதை இந்த 11-ஐ வைத்து முடிவு செய்யாதீர்கள். நான்கு வருடம் உங்களுக்குச் சம்பளம் கொடுத்து ஒரு இடம் வைத்திருக்கிறது, நீங்கள் எழுதியது எங்கோ ஓடிக்கொண்டிருக்கிறது, வேலை தெரியுமா என்பதற்கு ஒரு மணி நேரப் பேச்சைவிட அது பெரிய சான்று. ஒருவேளை அந்த வேலையே ஒவ்வொரு நாளும் கசக்கிறது என்றால் கதை வேறு, அப்போது ஆஃபர் வந்தாலும் கேள்வி அப்படியே இருக்கும்.

மெயிலுக்குப் பதில் போடலாமா என்றால், கண்டிப்பாகப் போடுங்கள், மூன்று வரி. நேரம் ஒதுக்கியதற்கு நன்றி, முடிந்தால் எந்தப் பகுதியில் குறை என்று ஒரு வார்த்தை, மறுபடி எப்போது விண்ணப்பிக்கலாம். வழக்கு வந்துவிடுமோ என்ற பயத்தில் பல கம்பெனிகள் காரணம் சொல்லாது, சொன்னாலும் அது முழுக் காரணமாக இருக்காது, அதனால் அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். வாதாட மட்டும் கூடாது. ஒரு முறை நாங்கள் தேர்ந்தெடுத்தவர் ஐந்து வாரம் கழித்து வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருந்த இருவருக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஒருவர் மெயிலில் எங்கள் கேள்வியே தப்பு என்று நீளமாக எழுதியிருந்தார் (கேள்வி கொஞ்சம் தப்புதான்). இன்னொருவர் இந்த மூன்று வரியை எழுதியிருந்தார். ரெக்ரூட்டர் யாரைக் கூப்பிடுவது என்று எங்களிடம் கேட்கவே இல்லை.